கடல் தாண்டாத சர்க்கரை

குதைபியா, மனாமா, பஹ்ரைன்
12-10-1974

அன்புள்ள தம்பி உமாபதிக்கு,

அக்கா நாகவள்ளி எழுதுவது. மகன் வெங்கட்ராமன் வீட்டில் நான் சுகமாக இருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். காரணம் இல்லாமல் எழுதமாட்டேன் என்று உனக்குத் தெரியும். உன் மகள் தாமரையின் கல்யாணப் பத்திரிகை, கடலூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒருவர் மூலம் என் கைக்கு வந்தது. எனக்கு நீ அனுப்பவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதில் நம் வீட்டுப் பெரியவர்கள் பெயரெல்லாம் அச்சாகியிருக்கிறது. செத்துப்போனவர்களுக்குக் 'காலஞ்சென்ற' என்று போட்டுச் சித்தப்பாவின் இரண்டாவது சகலையைக்கூடச் சேர்த்திருக்கிறாய். இந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை ரகுநாதன் பெயர் மட்டும் இல்லை.

அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. செத்தவர் மேல் என்ன கோபம்? அவர் செய்த குற்றம் தன் உத்தியோகத்துக்கு உண்மையாக இருந்தது மட்டும்தான். இதற்கு நீ பதில் எழுத வேண்டும்.

தாமரையும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாகவள்ளி ரகுநாதன்


கடலூர்

அன்புள்ள அக்காவுக்கு,

உமாபதி வணக்கத்துடன் எழுதியது. உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு நெஞ்சில் கொஞ்சம் அடைப்பு, மாத்திரையில் ஓடுகிறது. தாமரை திருச்சியில் நன்றாக இருக்கிறாள். வெங்கட்ராமனை ஐந்து வயதில் பார்த்தது. இப்போது அவனுக்கே நரைத்திருக்கும்.

பத்திரிகையில் அத்தான் பெயரைப் போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எழுதி எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. உங்களுக்குத் தெரியாதது இல்லை.

அந்த ஊரில் வெயில் அதிகம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
உமாபதி


மனாமா
14-11-1974

தம்பி உமாபதிக்கு,

அக்காவின் ஆசி. உன் கடிதத்தில் தேதி இல்லை. தேதியும் ஊரும் எழுதாத கடிதம் யாரோ சுவரில் கிறுக்கியது போல என்று கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்வார்கள். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

யோக்கியதை இல்லை என்று பணிவாக எழுதிக் குத்துகிறாய். புரிந்துகொண்டேன். உனக்குத் தெரிந்ததையே நான் வரிசையாக எழுதுகிறேன். நம் இரண்டு பேர் மனதிலும் இது ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1932-இல் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி போட்டார்கள். அதை நம்பித்தான் அப்பா பண்ருட்டிச் சாலையில் ஆலை கட்டினார். நாலு வருஷத்தில் ஊருக்கு ஓர் ஆலை வந்து, சர்க்கரை விற்க இடமில்லாமல் போயிற்று. அப்போதுதான் இந்த பஹ்ரைனில் கடை வைத்திருந்த பரங்கிப்பேட்டை சுஐபு மரைக்காயர், நம் சர்க்கரையைக் கப்பலில் எடுத்து இந்தக் கரை முழுவதும் விற்றுத் தருகிறேன் என்றார். அதை நம்பி அப்பா வீட்டையும் நிலத்தையும் வைத்துப் புது இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அது 1937 மே மாதம் மூன்றாம் தேதி.

அதே நேரத்தில் லண்டனில் இருபதுக்கு மேற்பட்ட தேசங்கள் உட்கார்ந்து, உலகத்தில் யார் எவ்வளவு சர்க்கரை விற்கலாம் என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இங்கிலாந்து, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் பயிரிடுகிற தன் ஊர் விவசாயிக்கு மானியம் கொடுத்தது. அதில் அது கை வைக்கவில்லை. இந்தியா மட்டும் பர்மாவைத் தவிர வேறெங்கும் கடல் வழியாகச் சர்க்கரை அனுப்பக் கூடாது என்று முடிவாயிற்று. நம் பேரில் கையெழுத்தையும் இங்கிலாந்துக்காரர்களே போட்டுக்கொண்டார்கள். மே ஆறாம் தேதி. மூன்றே நாள் வித்தியாசம். அப்பா வாங்கிய இயந்திரம் பெட்டி பிரிக்காமலே ஏலத்துக்குப் போயிற்று. தை மாதம் அப்பாவும் போனார்.

இந்திய சர்க்கார் அனுப்பிய குழுவோடு லண்டன் போயிருந்த வணிக இலாகா குமாஸ்தா உன் அத்தான். ஏப்ரலிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. அப்பாவின் பதினாறாம் நாள் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நீ அவரைக் கேட்டாய், "ஒரு வரி எழுதியிருந்தா அப்பா பொழைச்சிருப்பாரே?" என்று. நான்தான் பதில் சொன்னேன். "என் புருஷன் சர்க்கார் ரகசியத்தை ராஜாவே கேட்டாலும் சொல்லமாட்டார். மாமனாருக்காகச் சொல்வாரா?" அதைச் சொன்னதற்கு நான் இன்றுவரை வெட்கப்படவில்லை. டெல்லியில் அவர் நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் செத்த அன்று வந்தவர்களிடமும் சொன்னேன்.

நீ வாசலைக் காட்டினாய். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

இங்கே இப்போது உலகம் முழுவதும் சர்க்கரை விலை ஏறிக் கிடக்கிறது. அரசாங்கம் மானியம் கொடுத்து விற்கிறது. மருமகள் சந்திரகலா கட்டிலுக்கு அடியில் மூன்று மூட்டை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறாள். எறும்பு என் தலையணை வரை வந்துவிட்டது. அந்தச் சர்க்கரை வாங்கப் போன இடத்தில்தான் ஜொஹரா என்ற பெண்ணைப் பார்த்தேன். சுஐபு மரைக்காயரின் மகள். அவர் எண்பத்தைந்து வயதில் உயிரோடு இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள்.

பதில் எழுது, தேதியோடு.

நாகவள்ளி ரகுநாதன்


மனாமா
2-1-1975

தம்பி உமாபதிக்கு,

ஆசிகள். ஏழு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தவறியிருக்கலாம் என்று வைத்துக்கொள்கிறேன். உடம்பு தேவலையா? எனக்கு முழங்கால் வலி தவிர வேறு ஒன்றும் இல்லை.

சுஐபு மரைக்காயரைப் பார்த்தேன். சூக் என்கிற கடைத்தெருவில் பழைய கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார். கண் தெரியவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. ஜொஹரா, "வாப்பா, கரும்பாலை முதலியார் மக வந்திருக்காங்க" என்றதும் எழுந்திருக்கப் பார்த்தார். என் கல்யாணத்தில் சாப்பிட்ட பால்கோவா வரைக்கும் சொன்னார். நான் போன நோக்கம், உன் அத்தான் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை, மரைக்காயரும் நம்மைப் போல நஷ்டப்பட்டவர்தான் என்று அவர் வாயால் கேட்டு உனக்கு எழுத வேண்டும் என்பது. அவரோ தனக்கு நஷ்டமே இல்லை என்றார்.

அது எப்படி என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நல்லா கேட்டீங்க போங்க. நீங்க தந்தி குடுத்ததாலதானேம்மா நான் அந்த வருஷம் ஜாவா சரக்கு வாங்கிப் பொழைச்சேன்? ஒங்க தந்தி வந்த மறுநாளே ஆலைக்குக் கடுதாசி போட்டுட்டேன். ஒங்க வாப்பா கிட்ட சொல்லச் சொல்லியிருந்தீங்களே. தம்பி பேருக்குத்தான் போட்டேன், அவருதானே அப்ப தபாலெல்லாம் பார்ப்பாரு."

நான் தந்தியே கொடுத்ததில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. "பெரிய மனசும்மா ஒங்களுக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஜொஹரா என்னைக் கீழே அழைத்து வந்து, வாப்பாவுக்குச் சில நாள் நினைவு குழம்பும் என்றாள்.

வயதானவர் யாருடைய தந்தியையோ என் தலையில் கட்டுகிறார். அப்படி ஒரு கடிதம் ஆலைக்கு வரவே இல்லை என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். ஒரே ஒரு வரி.

நாகவள்ளி ரகுநாதன்


கடலூர்
20-1-1975

அன்புள்ள அத்தைக்கு,

தாமரையின் நமஸ்காரம். உங்களை நான் பார்த்ததில்லை. அப்பாவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் உங்கள் படம் ஒன்று இருக்கிறது, கான்வென்ட் உடையில். நான் தலைப் பொங்கலுக்கு இங்கே வந்திருக்கிறேன். நீங்களும் வெங்கட்ராமன் அத்தானும் நலமா?

அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டே திரிகிறார். குளிக்கப் போகும்போது எடுத்து வைக்கிறார், வந்ததும் திரும்பப் பையில் வைக்கிறார். பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். என்னப்பா என்றால், "அக்கா என்னைச் சோதிக்கறாங்கம்மா. எல்லாம் தெரிஞ்சுகிட்டே ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறாங்க" என்கிறார்.

பொங்கல் அன்று சாப்பிடவில்லை. டாக்டர் மனதில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் இரண்டு நல்ல வார்த்தை எழுதினால் தேறிவிடுவார்.

உங்கள் மருமகள்,
தாமரை


மனாமா
3-2-1975

சௌபாக்கியவதி தாமரைக்கு,

அத்தையின் ஆசி. கடிதம் ஒழுங்காக எழுதுகிறாய். உன் அப்பாவைவிட எழுத்தும் நன்றாக இருக்கிறது. புகுந்த வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

நல்ல வார்த்தை எழுத எனக்குத் தெரியாது. உண்மையான வார்த்தை எழுதுகிறேன். நான் யாரையும் சோதிக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. கடவுள் சாட்சியாகத் தெரியாது. இதை அப்படியே உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டு.

நாகவள்ளி


கடலூர்
25-2-1975

அக்காவுக்கு,

உமாபதியின் வணக்கம். தேதி போட்டிருக்கிறேன். உடம்பு இருந்தபடி இருக்கிறது. தாமரை திருச்சிக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பொய் எழுதியதில்லை. ஆனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மரைக்காயர் கடிதம் வந்தது. ஏப்ரல் கடைசி. 'உங்கள் அக்கா வள்ளியம்மாளிடமிருந்து தந்தி. இந்தியச் சர்க்கரை இனிமேல் கடல் தாண்டாது. முதலியாரிடம் சொல்லிப் புது இயந்திரத்தை நிறுத்தவும்' என்று எழுதியிருந்தார். ஆலையில் தபால் பிரிப்பது நான்தான். எனக்கு இருபத்து மூன்று வயது. புது இயந்திரம் வந்தால் அந்தப் பக்கம் முழுவதும் என் பொறுப்பு என்று அப்பா சொல்லியிருந்தார். மரைக்காயர் விலையைக் குறைக்க நாடகம் ஆடுகிறார், அதற்கு அக்கா பெயரை இழுக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. கடிதத்தைக் கரும்பு எடைச் சீட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அப்பா கையெழுத்துப் போடப் போன அன்று பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தது நான்தான்.

அப்பா சாகும்வரை சொல்லவில்லை. பதினாறாம் நாள் நீங்கள் வாய் திறந்ததும், இதோ எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறீர்கள் என்று நடுங்கினேன். அந்தப் பயத்தில்தான் நானே முந்திக்கொண்டு அத்தான் மேல் பாய்ந்தேன். நீங்களோ, அவர் யாரிடமும் சொல்லமாட்டார் என்று ஒரே போடாகப் போட்டீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறீர்கள், பழியை உங்கள் புருஷன் தலையில் ஏற்றிக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் எந்த முகத்தோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவேன்? அத்தான் இறந்துபோன தந்தி வந்தபோது ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தேன்.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உமாபதி


மனாமா
15-3-1975

உமாபதிக்கு,

உன் உடம்பைக் கவனித்துக்கொள். நான் நலம்.

மறுபடி மரைக்காயர் வீட்டுக்குப் போனேன். ஜொஹரா தகரப் பெட்டியைத் தேடி எடுத்தாள். அந்தக் காலத்து வியாபாரிகள் வந்த தந்தியைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். கம்பி நிறைந்ததும் கட்டிப் பெட்டியில் போடுவார்கள். தன் கடையைக் காப்பாற்றிய தந்தி என்று இதை மட்டும் அவர் துணியில் சுற்றித் தனியாக வைத்திருந்தார். நடுவில் கம்பியின் ஓட்டை இருக்கிறது.

ஆங்கிலத்தில் பதினான்கு வார்த்தை. மரைக்காயர் உனக்கு எழுதியதேதான். கடைசியில் வள்ளி என்று பெயர்.

புறப்பட்ட இடம் லண்டன். தேதி 19 ஏப்ரல் 1937. அன்று நான் டெல்லியில் இருந்தேன்.

எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

நாகவள்ளி


கடலூர்
6-4-1975

அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்களை நினைத்துத்தான் கவலை.

அப்படியானால் உங்கள் பெயரைப் போட்டுக் கொடுத்தது அத்தானா? அவரே கொடுத்துவிட்டா அன்றைக்குக் கூடத்தில் என் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றார்? 'நான் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேனே. அப்பாவுக்குச் சேதி போகவில்லை என்று நினைத்தாரா, போயும் அப்பா கேட்கவில்லை என்று நினைத்தாரா, அதுகூடத் தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை, அக்கா? வேலை போய்விடும் என்றா? எல்லாம் நம் வீட்டு ஆட்கள்தானே. யார் போய்க் காட்டிக் கொடுத்திருப்பார்கள்?

நான் அவரை வாசலுக்கு அனுப்பியவன். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உமாபதி


மனாமா
20-5-1975

அன்புள்ள தம்பி உமாபதிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. மாத்திரை தீருவதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள். தாமரை தனக்கு விசேஷம் என்று எழுதியிருந்தாள். சந்தோஷம்.

அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். கூடத்தில் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் வாய் திறப்பதற்கு முன் நான் திறந்தேன். என் புருஷன் சொல்லமாட்டார் என்று அத்தனை பேர் முன்னால் நான் முழங்கிய பிறகு, சொன்னேன் என்று எப்படிச் சொல்வார்?

ஆனால் அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருஷம் இருந்ததே. அதைத்தான் ஒரு மாதமாக யோசித்தேன். ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அப்பா போன அந்த வருஷமே, டெல்லியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "வள்ளி, ஒருவேளை நான் உங்கப்பாவுக்குச் சொல்லியிருந்தா?" என்று கேட்டார். இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவருக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, நான்தான் தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். "சொல்லியிருந்தா அப்படிப்பட்ட ஆளோட நான் குடித்தனம் பண்ணியிருக்கமாட்டேன்" என்றேன். நன்றாகப் பதில் சொன்னோம் என்று எனக்கு அன்று திருப்தி.

அவர் சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு மோர் கேட்டார்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் நான் லண்டன் கதையைச் சொல்வேன். அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். தற்பெருமை பிடிக்காத மனுஷர் என்று அதையும் சேர்த்துச் சொல்வேன்.

நேற்று வெங்கட்ராமனை உட்கார வைத்துத் தந்தியைக் காட்டினேன். 'உன் அப்பா செய்தது இது' என்றேன். அவன் வாங்கிப் பார்த்தான், ஆச்சரியப்படவில்லை. தனக்குத் தெரியும் என்றான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் அவனிடம் சொல்லியிருக்கிறார். உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லையாம். மரைக்காயர் கடிதம் வழியில் தவறியிருக்கும் என்றே கடைசிவரை நினைத்திருக்கிறார். நம் அப்பாவுக்கே நேராகத் தந்தி கொடுக்காமல் சுற்றி அனுப்பினோமே என்று அதற்காகத்தான் அழுதாராம். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நீ மன்னிப்புக் கேட்டு எனக்கு எழுதாதே. கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை. டெல்லியில் நான் கதை சொன்ன வீடுகளில் இன்னும் எட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் எழுதப்போகிறேன். என் புருஷன் ரகசியத்தைக் காக்கவில்லை, மாமனாருக்காக உடைத்தார் என்று. மூன்று கடிதம் எழுதி முடித்துவிட்டேன்.

வெங்கட்ராமனிடம், ஏழு வருஷமாக என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றான். எதற்குச் சத்தியம் என்றேன். பக்கத்தில் நின்ற சந்திரகலாவை உள்ளே போகச் சொன்னான். அப்புறம்தான் சொன்னான். 'மூக்கில் குழாயோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாரம்மா' என்றான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதேடா. தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிடுவா."

உன் சுகம் பற்றிப் பதில் எழுது.

அக்கா,
நாகவள்ளி